டர்பனில் வீட்டுக் குப்பையை வெளியே வைப்பது எப்படி: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஊரிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கோ, படிப்புக்கோ, கோயில் பணிக்கோ வந்து குடியேறுகிறவர்கள் வாடகை, பள்ளிக்கூடம், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் வருகிறார்கள். தெருவில் குப்பை வண்டி எந்தக் கிழமை வரும் என்று கேட்பவர்கள் குறைவு. முதல் வாரத்திலேயே அது தலைவலியாகிவிடுகிறது. ஜோகன்னஸ்பர்க், கேப் டவுன் பக்கம் இருந்துவிட்டு வருபவர்கள் அங்கே பார்த்த 240 லிட்டர் சக்கரத் தொட்டியை இங்கேயும் தேடுகிறார்கள். டர்பனில் பெரும்பாலான வீடுகளுக்குக் குப்பை பையில்தான் போகிறது. பையின் நிறத்தைப் பார்த்துத்தான் அது எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று முடிவாகிறது.

தொட்டியில் மூடி இருக்கும், அடியில் கசியாது, நாய் கிழிக்காது. பைக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. அதனால் பை கிழியாமல், நனையாமல், வண்டி ஏறும் வரை இருக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது. கீழே வரும் படிகள் எல்லாம் கிட்டத்தட்ட இதற்காகத்தான்.

சட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட், இசிபிங்கோ, ஓவர்போர்ட் என்று நம்மவர்கள் அதிகம் இருக்கும் இடங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். மாநகராட்சி ஒன்றுதான் என்பதால் மற்ற பகுதிகளுக்கும் இது பொருந்தும்.

யார் எடுக்கிறார்கள், காசு எங்கே போகிறது

தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின்படி குப்பை அகற்றுவது உள்ளாட்சியின் வேலை. டர்பனில் அது ஈதெக்வினி மாநகராட்சியின் துப்புரவு, திடக்கழிவுப் பிரிவு. பழைய பெயர் டர்பன் சாலிட் வேஸ்ட். இன்றும் ஜனங்கள் டிஎஸ்டபிள்யூ என்றுதான் சொல்கிறார்கள். தண்ணீர், மின்சாரம், சொத்து வரியோடு குப்பைக் கட்டணமும் மெட்ரோ பில்லில் வருகிறது. வீடுகளின் குப்பையை வாரம் ஒரு முறையாவது எடுக்க வேண்டும் என்பது 2011இல் நாடு முழுவதற்கும் வகுக்கப்பட்ட தரம். வீட்டுக்காரர் என்ன செய்ய வேண்டும், எதைப் போடக் கூடாது என்பதெல்லாம் மாநகராட்சியின் 2016ஆம் ஆண்டுக் கழிவகற்றல் விதியில் இருக்கிறது.

வாடகைக்கு இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரிய வீட்டின் பின்கட்டில் இருக்கும் அவுட்பில்டிங்கில் நீங்கள் குடியிருந்தால் மெட்ரோ பில் உரிமையாளர் பெயரில்தான் வரும். பைகளும் அவர் வாசலுக்குத்தான் வரும். ஒரே கேட்டுக்குள் மூன்று குடும்பம் இருந்தாலும் மாநகராட்சியைப் பொறுத்தவரை அது ஒரு வீடு. ஆகவே குடிபோகும் முன்பே, "அங்கிள், பை நீங்க தருவீங்களா, நாங்க வாங்கிக்கணுமா?" என்று கேட்டுவிடுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் நல்ல உறவுகள் கசந்திருக்கின்றன.

அடுக்குமாடியிலோ காம்ப்ளெக்ஸிலோ இருந்தால் பாடி கார்ப்பரேட்டின், அதாவது வீட்டு உரிமையாளர்கள் சங்கத்தின், விதிதான் முதலில். அங்கே குப்பை அறை, பொதுத் தொட்டி, காவலாளி சொல்லும் நேரம் எல்லாம் தனி. கீழே சொல்லும் பிரிக்கும் முறை அவர்களுக்கும் உதவும். வாசலில் வைக்கும் பகுதி அவர்களுக்கு வேண்டாம்.

முதல் படி: உங்கள் தெருவின் கிழமை

ஒவ்வொரு தெருவுக்கும் வாரத்தில் ஒரு கிழமை உண்டு. பக்கத்துத் தெருவின் கிழமையும் உங்கள் தெருவின் கிழமையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சட்ஸ்வொர்த்தின் ஒரு யூனிட்டுக்குள்ளேயே மேட்டுத் தெருவுக்கு ஒரு நாள், பள்ளத் தெருவுக்கு ஒரு நாள் என்றிருக்கலாம்.

இணையத்தில் தேடுவதைவிட எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் கேட்பது வேகம். "டர்ட் லாரி எப்ப வரும், ஆன்ட்டி?" என்று கேட்டால் கிழமை மட்டுமல்ல, எத்தனை மணிக்கு வரும், தெருவின் எந்த முனையிலிருந்து தொடங்கும், ஆரஞ்சுப் பை வண்டி வருகிறதா இல்லையா என்பது வரை சொல்லிவிடுவார்கள். தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தால் அதில் சேர்ந்துவிடுங்கள். வண்டி தாமதமாகும் செய்தி அங்கேதான் முதலில் வரும். மாநகராட்சியிடமே உறுதி செய்ய வேண்டும் என்றால் அருகிலுள்ள சிசகாலா மையத்துக்கு (மாநகராட்சியின் வாடிக்கையாளர் சேவை மையம்) போய் முகவரியைச் சொல்லிக் கேட்கலாம். மெட்ரோ பில் சந்தேகங்களுக்கும் அதே இடம்தான்.

கிறிஸ்துமஸ், புத்தாண்டு, புனித வெள்ளி போன்ற நாட்களில் உங்கள் கிழமை வந்தால் மட்டும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

இரண்டாம் படி: பைகளின் நிறம்

கறுப்புப் பை பொதுக் குப்பைக்கு. மறுசுழற்சிக்குப் போகாத எல்லாம் இதில்: மீந்த உணவு, அழுக்கான பொட்டலம், டயப்பர், துடைத்த காகிதம், உடைந்த பொருள். மாநகராட்சி வீடுகளுக்குக் கறுப்புப் பைகளை விநியோகிக்கிறது. அது வந்து சேராத காலங்களும் உண்டு. அப்போது சூப்பர் மார்க்கெட்டில் கறுப்புக் குப்பைப் பைச் சுருள் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். வாங்கும்போது கனமானதாகப் பாருங்கள். மிக மெல்லியது மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஈரச் சோறும் மீன் தலையும் போட்ட பையைத் தூக்கினால் அடி விட்டுப்போகும்.

ஆரஞ்சுப் பை காகிதம், அட்டை, பிளாஸ்டிக்குக்கு. 2007 வாக்கில் தொடங்கிய திட்டம் இது. கண்ணாடி பாட்டில், டின்களுக்கு ஒளி ஊடுருவும் வெள்ளைப் பை. இந்த இரண்டு சேவையும் எல்லாத் தெருவிலும் ஒரே ஒழுங்கில் நடப்பதில்லை. எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் இதையும் கேட்கச் சொன்னது அதனால்தான்.

நீலப் பை தோட்டக் குப்பைக்கு. பொதுவாக இதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

மூன்றாம் படி: சமையலறையிலேயே ஈரத்தைப் பிரிப்பது

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான படி இதுதான். பை கிழிவதும், நாற்றம் அடிப்பதும், எலி வருவதும், மறுசுழற்சி வீணாவதும் ஈரக் குப்பையும் உலர்ந்த குப்பையும் ஒன்றாகக் கலப்பதால்தான். டர்பனின் கோடை ஈரமும் வெயிலும் சேர்ந்தது. டிசம்பர், ஜனவரியில் நேற்று வைத்த சாம்பார் இன்று மதியத்துக்குள் வாடை பிடிக்கும் ஊரில், வாரம் ஒரு முறைதான் வண்டி வருகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

சிங்க் பக்கத்தில் மூடியுள்ள சின்ன வாளி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். காய்கறித் தோல், வெங்காயச் சருகு, டீத்தூள், முட்டை ஓடு, பழத்தோல், பூஜைப் பூ எல்லாம் அதில். தோட்டம் கொஞ்சமாவது இருந்தால் இவை பையைப் பார்க்கவே வேண்டாம். ஒரு மூலையில் குழி வெட்டி, ஒரு அடுக்கு ஈரம், மேலே ஒரு அடுக்கு உலர்ந்த இலை அல்லது கிழித்த அட்டை என்று போட்டுக்கொண்டே வந்தால் சில மாதங்களில் எரு கிடைக்கும். சட்ஸ்வொர்த் வீடுகளின் பின்புறத்தில் கறிவேப்பிலையும் முருங்கையும் செழித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கு இதைவிட நல்ல உரம் இல்லை. சமைத்த உணவு, இறைச்சி, எண்ணெய் இவற்றை மட்டும் குழியில் போடாதீர்கள். எலி வரும்.

இறைச்சி, மீன், இறால், நண்டு இவற்றின் கழிவுக்கு இங்கே பல வீடுகளில் ஒரு வழி உண்டு. அவற்றைச் சின்னப் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுவார்கள். வண்டி வரும் காலையில் எடுத்துக் கறுப்புப் பையில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை நண்டுக் குழம்பு வைத்து, குப்பைக் கிழமை வெள்ளி என்றால், இடையில் அந்த ஓடுகளை வேறு எங்கே வைப்பது? முதலில் கேட்கும்போது ஒரு மாதிரி இருக்கும். ஒரு கோடை கழிந்தால் பழகிவிடும்.

மீந்த எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். சமோசா, பஜ்ஜி பொரிக்கும் வீடுகளில் இது பெரிய சங்கதி. எண்ணெய் குழாயில் உறைந்து சாக்கடையை அடைத்தால் கழிவுநீர் யாருடைய முற்றத்திலாவது பொங்கும். கொஞ்சம் என்றால் பழைய செய்தித்தாளில் உறிஞ்சவிட்டுக் கறுப்புப் பையில் போடலாம். நிறைய என்றால் ஆறவைத்து இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி இறுக மூடி வைத்திருந்து, பழைய எண்ணெய் வாங்குபவர்களிடம் கொடுக்கலாம். கேட்டரிங் செய்பவர்களுக்கு அவர்களைத் தெரிந்திருக்கும்.

நான்காம் படி: கறுப்புப் பையைக் கட்டுவது

முக்கால் பை நிரம்பினால் போதும். வாய் வரை திணித்தால் முடிச்சு நிற்காது. பின்னால் ஓடிவந்து பையைத் தூக்கி வண்டிக்குள் எறியும் தொழிலாளி அதை ஒரு கையால்தான் பிடிக்கிறார். உங்களால் ஒரு கையில் எளிதாகத் தூக்க முடியாத பையை அவரும் தூக்கக் கூடாது. நாள் முழுக்க இதையே செய்கிறவர் அவர்.

உடைந்த கண்ணாடி, பிளேடு, சீவிய டின் மூடி இவற்றைப் பலமடங்கு செய்தித்தாளில் சுற்றி, ஒரு அட்டைப் பெட்டிக்குள் வைத்து ஒட்டிவிட்டுத்தான் பையில் போட வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்கள் நம் சமூகத்தில் நிறைய இருக்கிறார்கள். அந்த ஊசிகளை வீட்டுக் குப்பையில் போடவே கூடாது. கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மூடி, மருந்தகத்திலோ கிளினிக்கிலோ கேட்டு ஒப்படையுங்கள். காலாவதியான மாத்திரைகளுக்கும் அதே வழிதான். பையில் குத்திக்கொண்டிருக்கும் ஒரு ஊசி ஒரு தொழிலாளியின் குடும்பத்தையே மாதக்கணக்கில் பரிசோதனைக்கும் பயத்துக்கும் தள்ளிவிடும்.

பிராய் (கரியில் இறைச்சி சுடுவது) போட்ட அடுப்பின் சாம்பல், யாகம் செய்த ஹோமக் குண்டத்தின் சாம்பல் இரண்டுக்கும் ஒரே விதி: முழுதாக ஆறி, தண்ணீர் தெளித்து, அடுத்த நாள்தான் பைக்கு. மேலே சாம்பலாகத் தெரிந்தாலும் உள்ளே கங்கு இருக்கும். குப்பை வண்டிக்குள் தீப்பிடித்தால் ஓட்டுநர் மொத்தக் குப்பையையும் நடுத்தெருவில் கொட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஐந்தாம் படி: எப்போது, எங்கே வைப்பது

முந்தைய இரவே வைத்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். இரவில் நாயும் பூனையும் எலியும் இருக்கின்றன. விடிந்தால் குரங்கு. டர்பனின் வெர்வெட் குரங்குகள் சாம்பல் உடலும் கறுப்பு முகமுமாகக் கூட்டமாக வரும். பகலில் மட்டும் திரியும். கறுப்புப் பையில் உணவு இருக்கும் என்று அவற்றுக்கு நன்றாகத் தெரியும். முடிச்சை அவிழ்க்க மெனக்கெடாமல் நடுவில் கிழித்துவிடும். ஒரு மாம்பழத்தோலுக்காகத் தெருநீளக் குப்பை சிதறிக் கிடக்கும்.

அதனால் வண்டி வரும் காலையில், எழுந்ததும் முதல் வேலையாக வையுங்கள். காலை ஏழு மணிக்குள் வெளியே இருந்தால் நல்லது. வண்டி வழக்கமாக மதியம்தான் வருகிறது என்றாலும் அதை நம்ப முடியாது. பாதை மாறினால் முதலில் உங்கள் தெருவுக்கே வந்துவிடும்.

அது வரை பையை எங்கே வைப்பது? இறுக்கமான மூடியுள்ள பழைய மாதிரி டஸ்ட்பின் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பை அதற்குள் இருக்கட்டும். மூடி நிற்கவில்லை என்றால் இரண்டு கைப்பிடிக்கும் குறுக்கே கொக்கி வைத்த இழுவை ரப்பர் போடுங்கள். குரங்கு அதிகம் வரும் தெருவில் சிலர் டஸ்ட்பின்னையே கேட்டுக்கு வெளியே வைத்துவிடுகிறார்கள். தொழிலாளி மூடியைத் திறந்து பையை மட்டும் எடுத்துக்கொள்வார். அப்படி வைத்தால் ரப்பரைக் கழற்றி வைத்துவிடுங்கள், கட்டாத குப்பையை அதற்குள் போடாதீர்கள். குரங்குக்கு விஷம் வைப்பது, கவண் அடிப்பது எல்லாம் சட்டப்படி குற்றம். பையில் உணவு வாடை இல்லாமல் பார்த்துக்கொண்டால் அவை தாமாகவே அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

வைக்க வேண்டிய இடம் உங்கள் கேட்டுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே உள்ள புல்தரை ஓரம். பூட்டிய கேட்டுக்குள் வைத்தால் எடுக்க மாட்டார்கள். நடைபாதையை அடைத்து வைத்தால் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் சாலையில் இறங்க வேண்டிவரும். மழைநீர் வடிகாலின் வாய்க்கு மேலே மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள். டர்பனில் மழைநீர்க் குழாய் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. மழைநீர்க் குழாயில் விழுந்தது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் உம்லாட்டுசானா, உம்பிலோ, உம்ஙேனி ஆறுகள் வழியாகத் துறைமுகத்துக்கும் கடற்கரைக்கும் போகிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசூலு நட்டாலில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த அளவு மழைக்குக் குப்பைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடைபட்ட வடிகால் சாதாரண மழையையே வீட்டுக்குள் கொண்டுவந்துவிடும் என்பது பள்ளத்தில் வீடு உள்ள எல்லோருக்கும் தெரியும்.

ஆறாம் படி: ஆரஞ்சுப் பை

இதில் விதி எளிது: சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும். செய்தித்தாள், பள்ளிக் காகிதம், மடக்கிய அட்டைப்பெட்டி, பால் பாட்டில், குளிர்பான பாட்டில், ஷாம்பு பாட்டில், ஐஸ்கிரீம் டப்பா. பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து என்றால் பொதுவாக வாங்குபவர் உண்டு. சிப்ஸ் பாக்கெட், எண்ணெய் ஊறிய பீட்சா அட்டை, டிஷ்யூ, பிரியாணி வரும் வெள்ளை ஃபோம் டப்பா இவையெல்லாம் கறுப்புப் பைக்கே போகட்டும். பாத்திரம் கழுவிய பழைய தண்ணீரில் ஒரு முறை அலசினால் போதும். நல்ல தண்ணீரை இதற்காக வீணாக்க வேண்டாம். சட்னி ஒட்டிய ஒரு டப்பா மொத்தக் காகிதத்தையும் கெடுத்துவிடும்.

ஆரஞ்சுப் பைக்கு வேறு வண்டி. கறுப்புப் பை வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ வரும். கறுப்பு போய், ஆரஞ்சு மட்டும் கிடந்தால் பதறி உள்ளே எடுத்துவிடாதீர்கள். சாயங்காலம் வரை இருக்கட்டும்.

வண்டி வரும் முன்பே தள்ளுவண்டியோடு ஒருவர் வந்து பைகளைப் பார்ப்பதைக் காண்பீர்கள். தென்னாப்பிரிக்காவில் இப்படிப் பிழைப்பவர்கள் 60,000 முதல் 90,000 பேர் வரை இருப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். நாட்டின் மறுசுழற்சியில் பெரும்பங்கு அவர்கள் கைவழியாகத்தான் போகிறது. அவர்களை விரட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நீங்கள் பிரித்து வைத்திருந்தால் அவர் கறுப்புப் பையைக் கிழிக்க வேண்டிய அவசியமே வராது. ஒரே ஆள் வாராவாரம் வருகிறார் என்றால் பாட்டில், டின், அட்டையைத் தனியாகக் கையில் கொடுத்துவிடுங்கள். "சவுபோனா, பாபா" என்று சூலு மொழியில் ஒரு வணக்கம் சொன்னால் இன்னும் நல்லது. டெபாசிட் உள்ள பீர் பாட்டில்களைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் காசு வரும். உங்களுக்கு அது வேண்டாம் என்றால் அதையும் அவரிடமே கொடுக்கலாம்.

இவ்வளவு ஏன் பிரிக்க வேண்டும்

கிளேர் எஸ்டேட் பக்கம் போனால் பிசாசார் ரோடு குப்பை மேட்டைப் பார்க்கலாம். இனவெறி ஆட்சியில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய பகுதியின் நடுவே 1980இல் திறந்தார்கள். ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய குப்பை மேடுகளில் ஒன்றாக அது வளர்ந்தது. அதன் எதிரிலேயே குடியிருந்த சாஜிதா கான் அதை மூடச் சொல்லிப் பல ஆண்டுகள் போராடினார். 2007இல் புற்றுநோயால் இறந்தார். மேட்டிலிருந்து வரும் வாயுவை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டம் பிசாசார் ரோட்டிலும் மரியன்ஹில்லிலும் வந்தது. வீட்டுப் பொதுக் குப்பை பிறகு வேறு இடங்களுக்குத் திரும்பியது. மத்தியப் பகுதியின் குப்பை ஸ்பிரிங்ஃபீல்டில் எலெக்ட்ரான் ரோடு மாற்று நிலையத்தில் பெரிய வண்டிகளுக்கு மாறி, வெருலம் தாண்டி பஃபெல்ஸ்டிராய்க்குப் போகிறது. தெற்கில் லோவுவில் ஒரு குப்பை மேடு இருக்கிறது.

பஃபெல்ஸ்டிராய் மேட்டைச் சுற்றியுள்ள நிலம் முன்பு கரும்புக் காடு. 2008இல் தொடங்கி அங்கே இந்த மண்ணின் மரங்களை நட்டு வளர்த்துவருகிறார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வீட்டில் கன்றுகளை வளர்த்துக் கொடுத்து அதற்கு ஈடாகப் பொருள் பெற்றார்கள். 1860இல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் கரும்பு வெட்டிய கடற்கரைப் பட்டைதான் இது. அந்த மேட்டின் ஆயுளை நாம் எவ்வளவு நீட்டுகிறோமோ, அவ்வளவு காலம் தள்ளித்தான் இன்னொரு ஊருக்குப் பக்கத்தில் புதிய மேடு வரும்.

ஏழாம் படி: தோட்டக் குப்பை

புல், இலை, சின்னக் கிளை எல்லாம் நீலப் பையில். வாழைத்தண்டைத் துண்டு துண்டாக வெட்டி ஓரிரு நாள் காயவிடுங்கள். பச்சையாக இருந்தால் பை தாங்காது. பெரிய மரம் வெட்டினால் பையை நம்பாமல் மாநகராட்சியின் தோட்டக் குப்பை இறக்கும் இடங்களுக்குப் பக்கியில் (பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டி) கொண்டுபோவது மேல். வேப்பிலைக்குப் பதிலாக இங்கே பூஜைக்கு எடுக்கும் சிரிங்கா மரம் அரசின் ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் உள்ளது. அதன் காய்களை எருக்குழியில் போட்டால் முற்றமெல்லாம் முளைக்கும். நச்சுத்தன்மையும் உண்டு. குழந்தைகளுக்கு எட்டாமல் பையில் கட்டிவிடுங்கள். எரிப்பது வேண்டாம், புகை பக்கத்து வீட்டுக்குத்தான் போகும்.

எட்டாம் படி: வாசலில் வைக்கவே கூடாதவை

கட்டட இடிபாடு, மண், ஓடு, கழிப்பறைப் பீங்கான் எதுவும் குப்பை வண்டிக்கு ஏறாது. வீட்டை இடித்துக் கட்டுகிறவர் அதை உரிய இடத்துக்குச் சேர்க்கும் பொறுப்புள்ளவர். ஸ்கிப் என்னும் பெரிய இரும்புத் தொட்டியை வாடகைக்கு எடுங்கள், அல்லது குப்பை மேட்டுக்கே கொண்டுபோங்கள். அங்கே எடை பார்த்துக் கட்டணம் வாங்குவார்கள். "கொஞ்சம் ரேண்ட் குடுங்க, நான் கொண்டுபோறேன்" என்று வரும் பக்கிக்காரர் எங்கே கொட்டுகிறார் என்று கேளுங்கள். ஆற்றங்கரையில் கொட்டினால் அது சட்டவிரோதம். உங்கள் வீட்டு இடிபாடு என்று தெரிந்தால் அபராதம் உங்களைத் தேடி வரலாம்.

பழைய டிவி, கணினி, வயர், மின் அடுப்பு போன்றவற்றை 2021 ஆகஸ்ட் முதல் குப்பை மேட்டில் புதைக்க நாட்டளவில் தடை இருக்கிறது. இவற்றுக்கு மின்னணுக் கழிவு எடுப்பவர்களைத் தேடிக் கொடுக்க வேண்டும். மின்வெட்டுக் காலத்தில் வீடுதோறும் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் வந்துவிட்டன. அவை செத்த பிறகு பையில் போட்டால் வண்டியின் அழுத்தத்தில் தீப்பிடிக்கலாம். வாங்கிய கடையில் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். சின்ன பேட்டரியும் பழைய மின்விளக்கும் போட பிக் என் பே போன்ற சூப்பர் மார்க்கெட்டுகளில் பெட்டி வைத்திருக்கிறார்கள். கார் பேட்டரிக்குப் பழைய இரும்புக் கடையில் விலையே உண்டு. பெயின்ட், தின்னர், பூச்சி மருந்து, எரிவாயு உருளை ஆகியவையும் பைக்கு ஆகாதவை.

விசேஷ நாட்கள்

ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ், புரட்டாசி விரதம், தீபாவளி, தைப்பூசக் காவடி, கல்யாணம் என்று வந்தால் ஒரு வீட்டில் ஒரு நாளில் ஒரு மாதக் குப்பை சேரும். அந்த வாரம் இருபது கறுப்புப் பையை வாசலில் அடுக்கினால் எல்லாவற்றையும் எடுக்க மாட்டார்கள். மண்டபத்தில் நடத்தினால் குப்பையை யார் அகற்றுவது என்பதை முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள். வீட்டில் என்றால் வாழையிலையில் பரிமாறுங்கள். சாப்பிட்ட இலையில் மிச்சத்தை வழித்துவிட்டு இலையை எருக்குழிக்கு அனுப்பலாம். ஃபோம் தட்டு என்றால் ஒன்றும் செய்ய முடியாது. தேங்காய் மட்டையும் ஓடும் கறுப்புப் பையைக் குத்திக் கிழிக்கும் என்பதால் தனியாகக் காயவிடுங்கள். பிராய்க்கு நல்ல விறகு.

பட்டாசுக் குப்பையை மறுநாள் காலையிலேயே கூட்டி, தண்ணீர் தெளித்து, வெடிக்காதவற்றை வாளித் தண்ணீரில் ஊறவைத்துப் பிறகு பையில் போடுங்கள். தெருவில் எல்லோரும் தீபாவளி கொண்டாடுகிறவர்கள் இல்லை. அந்தக் காகிதத்தை அவர்கள் கூட்டக் கூடாது. ஆற்றிலோ கடலிலோ பூஜைப் பொருள் விடுகிறவர்கள் பூவும் தேங்காயும் விடுங்கள். பிளாஸ்டிக் பை, கண்ணாடி விளக்கு, ஜரிகைத் துணி இவற்றைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

வண்டி வராத வாரம்

வேலைநிறுத்தம், வெள்ளம், கலவரம், வண்டிப் பழுது என்று எதுவும் நடக்கலாம். 2021 ஜூலைக் கலவரத்திலும் 2022 ஏப்ரல் வெள்ளத்திலும் தெருக்களில் குப்பை குவிந்ததைப் பலரும் பார்த்தோம். வண்டி அன்று சாயங்காலம் வரை வரவில்லை என்றால் பையை உள்ளே எடுத்துவிடுங்கள். அடுத்த நாள் காலை மறுபடி வையுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் அடுத்த கிழமை வரை தாக்குப்பிடிக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஈரம் எல்லாம் குழிக்கு, இறைச்சி ஃப்ரீசருக்கு, உலர்ந்தது கராஜுக்கு. வாரம் முழுக்க ஈரத்தைப் பிரித்து வந்த வீட்டுக்கு இந்தக் காலம் அவ்வளவு கஷ்டமாக இருக்காது. காலி மனையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வராதீர்கள். ஒரு பை விழுந்த இடத்தில் மறுநாள் பத்துப் பை விழும். வேலைநிறுத்தம் முடிந்தாலும் அந்த இடம் குப்பை மேடாகவே நின்றுவிடும்.

புகார் கொடுக்கும்போது "எங்கள் ஏரியாவில் குப்பை எடுக்கவில்லை" என்று பொதுவாகச் சொன்னால் பயனில்லை. தெருப் பெயர், வீட்டு எண், அருகிலுள்ள குறுக்குத் தெரு, உங்கள் கிழமை, எந்தத் தேதியில் எந்த நிறப் பை விடுபட்டது, தெரு முழுவதுமா உங்கள் வீடு மட்டுமா என்று சொல்லுங்கள். தெரு முழுவதும் என்றால் வண்டிக்குப் பிரச்சினை. உங்கள் வீடு மட்டும் என்றால் நீங்கள் வைத்த இடமோ பையோ காரணமாக இருக்கலாம். தொலைபேசியிலோ சிசகாலா மையத்திலோ கொடுக்கும் குறிப்பு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து வீட்டுக்காரர்கள் தனித்தனியாகப் புகார் கொடுத்து, அந்த எண்களை எல்லாம் சேர்த்து வார்டு கவுன்சிலருக்கு அனுப்பினால் பதில் சீக்கிரம் வரும். அடுத்த முறை வண்டி வரும்போது தொழிலாளியிடம் சண்டை போட வேண்டாம். பாதையை முடிவு செய்வது அவரல்ல. வெயில் நேரம் என்றால் ஒரு பாட்டில் குளிர்ந்த தண்ணீர் கொடுங்கள். அடுத்த வாரம் உங்கள் தெருவுக்கு எப்போது வருவார்கள் என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.